செத்த செடி எங்க கீது?

புதுப்பட்டினத்தில் சொந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வருடத்தில் பதினோரு செடிகள் என் கையில் செத்தன. நாலு ரோஜா, மூன்று செம்பருத்தி, இரண்டு இட்லிப்பூ, ஒரு நந்தியாவட்டை, கடைக்காரர் இரண்டு முறை பெயர் சொல்லியும் என் மனதில் நிற்காத ஒரு மஞ்சள் பூச்செடி. ஒரு பருவம் பூத்துவிட்டுப் போய்விடும் செடிகளாக இருந்திருந்தால் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன். இவை வருடக்கணக்கில் நிற்க வேண்டியவை. வீட்டுக்கு இரண்டாம் முறை வெள்ளையடிக்கும்போதும் அதே இடத்தில் நின்று பூக்க வேண்டியவை. ஒன்றுகூட ஒரு முழுக் கோடையைப் பார்க்கவில்லை.

அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் கல்பாக்கத்தில் என் கணவருக்கு வேலையில் கொடுத்த குடியிருப்பில் இருந்தோம். அங்கே என்னைக் கைராசிக்காரி என்பார்கள். வாசலில் ஆளுயரச் செம்பருத்தி, பின்பக்கம் பவழமல்லி, சுற்றுச்சுவரை மூடிக்கொண்டு முல்லை. யாராவது பாராட்டினால் நானும் கொஞ்சம் அடக்கத்தோடு சிரித்து ஏற்றுக்கொள்வேன். அவற்றில் ஒன்றைக்கூட நான் நடவில்லை என்பது எனக்கே மறந்துபோயிருந்தது. எங்களுக்கு முன்னால் இருந்த குடும்பமோ, அதற்கும் முன்னால் இருந்தவர்களோ நட்டது. நான் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். ஊற்றாவிட்டாலும் அவை நின்றிருக்கும். அந்த வேர்கள் எந்த ஆழத்தில் இருந்தனவோ, யார் கண்டது?

புது வீட்டில் சாவு எப்போதும் ஒரே மாதிரி வந்தது. செடி வண்டியிலிருந்து இறங்கும்போது கல்யாணப் பெண் மாதிரி இருக்கும். பூவும் மொட்டும் பளபளக்கும் இலையும். நட்ட முதல் வாரம் அதே அழகு. இரண்டாம் வாரம் மொட்டுகள் விரியாமல் உதிரும். பிறகு அடி இலைகள் மஞ்சளாகும். ஒரு மாதம் கழித்து மண்ணில் ஒரு குச்சி நிற்கும்.

இதற்கு வீட்டில் இரண்டு விளக்கங்கள் இருந்தன. நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. கரிசல் மண்ணில் ஒரு முறை நன்றாக நனைத்துவிட்டால் பல நாள் ஈரம் நிற்கும். அதனால் அதிகத் தண்ணீர்தான் செடியைக் கொல்கிறது என்பது என் கட்சி. கணவர் தஞ்சாவூர்க்காரர். தண்ணீர் போதவில்லை என்பது அவர் கட்சி. நான் அலுவலகம் போனதும் அவர் ஒரு வாளி ஊற்றுவார். அவர் ஊற்றிய தடத்தைப் பார்த்து நான் மூன்று நாள் ஊற்றமாட்டேன். செடிகள் இரண்டு கட்சிக்கும் பொதுவாகச் செத்துக்கொண்டிருந்தன.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. என் பிழைப்பே, உடைந்ததைப் பார்த்து ஏன் உடைந்தது என்று சொல்வதுதான். செங்கல்பட்டில் ஒரு சிறிய தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தொழிற்சாலைகளிலிருந்து முறிந்த போல்ட், விரிசல் விட்ட குழாய், பாதியில் துண்டான ஸ்பிரிங் எல்லாம் எங்கள் மேஜைக்கு வரும். உடைந்த முகத்தைத் துடைக்காமல், தொடாமல் கொண்டுவாருங்கள் என்று போனில் ஒவ்வொருவரிடமும் கெஞ்சுவேன். உடைந்த இடம்தான் பேசும், அதைத் துடைத்துவிட்டால் ஒன்றும் தெரியாது என்பேன். அப்படிப்பட்ட நான் பதினோரு செடிகளையும் பிடுங்கி, மண்ணை உதறி, குப்பை வண்டியில் போட்டிருந்தேன். ஒன்றின் வேரையாவது ஒரு நிமிடம் திருப்பிப் பார்த்ததில்லை.

செடிக்காரம்மா எங்கள் தெருவுக்கு வந்தது அடுத்த தை மாதம். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் பின்பக்கம் முழுக்கச் செடி. ஓட்டுவது அவருடைய கணவர். அந்த மனிதர் இறங்கவே மாட்டார். தெருமுனையில் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங் மேல் கையை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருப்பார். வியாபாரம் முழுக்க அந்த அம்மாவுடையது. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருப்பார். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். விவசாயக் குடும்பம். வயலில் பாதிக்கு மேல் மனைக்கல் நட்டாயிற்று. மிச்சமிருந்த இடத்தில் பச்சை வலை கட்டிச் செடி வளர்க்கிறார்கள்.

நான் வண்டியருகே போய் ஒரு சிவப்பு இட்லிப்பூச் செடியைக் காட்டினேன்.

"இது பிழைக்குமாம்மா? போன வருஷம் ரெண்டு வெச்சேன், ரெண்டும் போயிடுச்சு."

அவர் செடியை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"செத்த செடி எங்க கீது?"

"தூக்கிப் போட்டாச்சு."

"தூக்கிப் போட்டியா? அப்ப இன்னாத்துக்குச் செத்துச்சின்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்ப இத்த வாங்கிகினு போய் அதே எடத்துல வெப்ப. இதுவும் பூடும். அப்பறம் செடிக்காரி ஏமாத்திட்டான்னு சொல்லுவ."

பொருள் விற்க வந்த ஒருவர் விற்க மாட்டேன் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனால் அந்தக் கேள்வி என் கேள்வி. அதை நான் வருடக்கணக்காகப் போனில் மற்றவர்களிடம் கேட்டுவருகிறேன். அதனால் கோபம் நிற்கவில்லை.

"ஒண்ணு இன்னும் சாகலை. செத்துகிட்டிருக்கு. வந்து பாக்கிறீங்களா?" என்றேன்.

வந்தார். பன்னிரண்டாவதாக நான் வாங்கியிருந்த செம்பருத்தி அது. மூன்று இலையோடு கேட்டருகே நின்றுகொண்டிருந்தது. அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குந்தினார். இடுப்பில் செருகியிருந்த களைக்கொத்தை எடுத்து, செடியைத் தொடாமல் ஒரு முழம் தள்ளிச் சுற்றிலும் மணலைப் பறித்தார். பிறகு இரண்டு கையையும் அடியில் கொடுத்துக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார்.

வெளியே வந்தது ஒரு சிவந்த களிமண் உருண்டை. தேங்காய் அளவு. அதைச் சுற்றியிருந்த மணல் ஈரமாக இருந்தது. அன்று காலையும் என் கணவர் ஒரு வாளி ஊற்றியிருந்தார். அந்த அம்மா களைக்கொத்தின் பின்புறத்தால் உருண்டையை ஒரு தட்டுத் தட்டினார். டக் என்று செங்கல் சத்தம் வந்தது. உடைத்துக் காட்டினார். உள்ளே மாவு மாதிரி தூள். ஒரு பொட்டு ஈரம் இல்லை. வேர்கள் உருண்டைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வளர்ந்து, வெளியே ஒரு நூல்கூட வரவில்லை.

"பாத்தியாக்கா? ஆந்திரால களிமண்ணுல வெச்சி வளக்கறான். லாரில வர்றப்ப மண்ணு ஒடையக் கூடாதில்ல, அதுக்கு. உன் வூட்ல கீறது கடல் மணலு. நீ ஊத்தற தண்ணி மணல்ல எறங்கி ஓடிப்பூடுது. உருண்டைய தொடவே தொடாது. ஒருவாட்டி அது காஞ்சி இறுகிச்சின்னா அவ்ளோதான். தண்ணிக்கு நடுவுல குந்திகினு தாகத்துல சாவுது."

என் கணவர் வாசலுக்கு வந்து நின்றிருந்தார். "நான் சொன்னேன்ல, தண்ணி பத்தலைன்னு," என்றார்.

"இல்லண்ணா. நீ ஊத்துனதும் வேஸ்டு, அக்கா ஊத்தாததும் வேஸ்டு," என்றார் செடிக்காரம்மா. எங்கள் ஒரு வருடச் சண்டை அத்தோடு முடிந்தது.

அவர் அங்கேயே ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். உருண்டையை அப்படியே வாளிக்குள் இறக்கினார். குமிழி குமிழியாகக் காற்று மேலே வந்தது. "இது நிக்கற வரிக்கும் எடுக்காத," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய் வியாபாரம் பார்த்துவிட்டு வந்தார். அரைமணிக்கு மேல் ஆயிற்று. திரும்பி வந்து வெளிக் களிமண்ணை விரலால் மெதுவாகக் கரைத்து, சுற்றிக்கொண்டிருந்த வேர்களைப் பிரித்துவிட்டார். குழியில் தேங்காய் நார்த் தூளும் எருவும் மணலும் கலந்து போட்டார். முன்னால் நான் நட்டதைவிட இரண்டு விரல் மேலே வைத்தார். "தண்டு மண்ணுக்குள்ள பூந்தா அழுவிப்பூடும்" என்றார். செடியின் கிழக்குப் பக்கம் என் வீட்டுப் பழைய தென்னந்தட்டி ஒன்றைச் சாய்த்துவைத்தார்.

"இதெதுக்கு?"

"எலையப் பாரு. கடல் பக்கம் மட்டும் ஓரம் கருவிகீது. இந்தாண்ட பச்சை. உப்புக் காத்து. இது வலைக்குள்ள நெயல்ல வளந்த செடி. காத்தும் வெயிலும் இன்னான்னே அதுக்குத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமா காட்டு."

கடைசியில் மிச்சமிருந்த ஒரே மொட்டைக் கிள்ளிக் கீழே போட்டார். அந்த மொட்டுக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

"இப்ப அதுக்கு வேர் வுடற வேலை கீது. பூக்கற வேலைய நீ குடுக்காத. மூணு மாசம் பூ கேக்காத. உரம் போடாத. சொம்மா வுடு."

"அப்ப நீங்க மட்டும் ஏன் பூவோட கொண்டுவந்து விக்கிறீங்க?"

சிரித்தார். "பூ இல்லாம இட்டாந்தா நீ வண்டிகிட்ட வருவியா?"

அன்று அவர் எனக்கு ஒரு செடியும் விற்கவில்லை. "இது பொயச்சா அடுத்தது தரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

செம்பருத்தி பிழைத்தது. இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன், அதே மூன்று இலை. சித்திரை பிறக்கும்போது தண்டில் ஒரு கணுவில் அரிசி அளவு பச்சை தெரிந்தது. அதற்குள் அவர் தெருவில் பல வீடுகளுக்கு வழக்கமாகிவிட்டார். மாதம் இருமுறை வருவார். எனக்கு ஒவ்வொன்றாகச் செடி தந்தார். ஒவ்வொன்றையும் நானே வாளியில் ஊறவைத்து, நானே வேர் பிரித்து நட்டேன். நட்ட முறையை அவர் வந்து பார்த்துத் தலையாட்டுவார், அல்லது "இன்னாக்கா இது, பொதைச்சிகீற?" என்று மறுபடி தூக்கி வைப்பார்.

அவர் வேலை செய்வதைப் பார்ப்பது எனக்குப் பிடித்துப்போனது. அந்த அம்மாவுக்கு ஊகம் என்பதே கிடையாது. இலையைப் பார்த்துச் சட்டென்று ஒரு காரணம் சொல்வதில்லை. அடுத்த தெருவில் ஒரு வீட்டில் ரோஜா வாடியபோது, எல்லோரும் பூச்சி, மருந்து என்று பேசிக்கொண்டிருக்க, அவர் பேசாமல் தோண்டினார். செடியை வாங்கிய பிளாஸ்டிக் கவரோடே அப்படியே நட்டிருந்தார்கள். கவரில் ஓட்டை இருக்கிறதே, வேர் வந்துவிடும் என்று யாரோ சொன்னார்களாம். இன்னொரு வீட்டில் மல்லிக்கு, நட்ட மறுநாளே ஒரு கைப்பிடி யூரியா போட்டிருந்தார்கள். அங்கே அவர் மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். எங்கள் கூடத்தில் லட்சக்கணக்கில் விலைபோகும் நுண்ணோக்கி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நாங்கள் காட்டும் பொறுமையை அவர் ஒரு களைக்கொத்தை வைத்துக்கொண்டு காட்டினார். யாரையும் திட்டுவதில்லை. "எல்லாரும் அப்டித்தான் பண்றாங்கோ" என்பார். அதில் ஏளனம் இருக்காது.

ஐப்பசியில், மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட சமயம், என் இட்லிப்பூச் செடி வாடியது. ஒரு தப்பும் செய்யாத செடி அது. ஊறவைத்தது, பிரித்தது, உயரத்தில் நட்டது, மறைப்பு கட்டியது, பூ கிள்ளியது எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆவணியில் புதுத் துளிர் கொத்துக் கொத்தாக வந்தது. அப்படிப்பட்டது ஒரே வாரத்தில் தலை தொங்கிவிட்டது. நான் தொடவில்லை. பாடம் கற்றிருந்தேன். அவர் வரும்வரை அப்படியே விட்டுவைத்தேன்.

அவர் வந்து தண்டைப் பிடித்து லேசாக ஆட்டினார். செடி எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை. கட்டை விரல் அளவுக்கு நாலைந்து துண்டுகள் மட்டும், பல் பட்ட மாதிரி கடித்த முனைகளோடு. குழியைக் கிளறினார். மூன்று வெள்ளைப் புழுக்கள், கொழுத்து, வளைந்து, பழுப்புத் தலையோடு சுருண்டு கிடந்தன.

நான் ஒரு புழுவைக் குச்சியால் புரட்டி, "மழை ஜாஸ்தியில்ல, அதுல வந்திருக்கும்" என்றேன்.

அவர் குழியின் அடியிலிருந்து ஒரு கை எருவை எடுத்துப் பிசைந்தார். முகர்ந்தார். அதில் வைக்கோல் இன்னும் வைக்கோலாகவே இருந்தது. சாணிக் கட்டி உடைந்து உள்ளே மக்காத சாணி தெரிந்தது. மழைத் தூறல் அவர் சட்டைமேல் விழுந்துகொண்டிருந்தது.

"இது மழையில்லக்கா. இது என் எரு."

"உங்க எருவா?"

"வைகாசில எடுத்தாந்தது. ஒரு குப்பைக் குழி நல்லா மக்கல. இன்னும் ரெண்டு மாசம் வுட்டிருக்கணும். எல்லாரும் எரு எருன்னு கேட்டுகினே இருந்தாங்கோ, அவசரத்துல மூட்டை கட்டி ஏத்திட்டேன். வண்டு அதுல முட்டை வெச்சிகீது. நான்தான் உன் வூட்டுக்குப் புழுவக் கொண்டாந்து வுட்டுகீறேன்."

மழை என்று நானே ஒரு காரணத்தைக் கையில் கொடுத்திருந்தேன். அவர் தலையாட்டியிருந்தால் போதும், விஷயம் முடிந்திருக்கும். எனக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

சில வருடங்களுக்கு முன் வேலையில் நான் இரண்டு மாதிரிகளின் சீட்டுகளை மாற்றி ஒட்டிவிட்டேன். அறிக்கை கிளம்பிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் போய்ச் சொன்னேன். சொன்னதைப் பற்றி எனக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. இந்த அம்மாவுக்கு அந்த இரண்டு நாள் தேவைப்படவில்லை. எருவை முகர்ந்து பார்க்கும் நேரம்தான் ஆயிற்று.

எழுந்து கையை உதறினார். "அந்தக் குழிலேர்ந்து போன மூட்டை எத்தினி வூட்டுக்குப் போச்சின்னு எனக்குத் தெரியும்" என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். எங்கள் தெருவில் ஐந்து. மார்க்கெட் பின்னால் நாலு. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைப் பக்கம் மூன்று. கடப்பாக்கத்தில் ஒருவர் மொத்தமாக எடுத்துப்போயிருந்தார். தெருமுனைக்குப் போய்க் கணவரிடம் ஏதோ சொன்னார். அந்த மனிதர் அன்றுதான் முதன்முதலாக வண்டியைவிட்டு இறங்கினார். பின்பக்கம் போய்ச் செடிகளை நகர்த்தி, இரண்டு மண்வெட்டிகளை எடுத்துக் கீழே வைத்தார்.

எனக்கு அன்று விடுமுறை. "நானும் வரேன்" என்றேன்.

"மழைல நீ எதுக்குக்கா?"

"சும்மா வரேன்."

எங்கள் தெருவில் எதிர்வீட்டில் தொடங்கினோம். அங்கே நந்தியாவட்டை செழிப்பாக நின்றது. அந்த வீட்டுப் பெண்மணி, "நல்லாத்தானே இருக்கு, ஏன் தோண்டணும்?" என்றார். "மேல நல்லா கீதும்மா. அடில பாக்கணும்" என்று செடிக்காரம்மா ஓரமாகத் தோண்டினார். ஏழு புழுக்கள் வந்தன. வேரில் பாதி மிச்சமிருந்தது. புழுக்களைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டார். பழைய எருவை மொத்தமாக வழித்து எடுத்துவிட்டு, செடியில் பாதிக் கிளையை வெட்டிவிட்டு, சுத்தமான மண் போட்டு மூடினார். வெட்டிய கிளைகளைப் பார்த்து அந்தப் பெண்மணிக்கு அழுகை வராத குறை. பாதி வேர் முழுச் செடியைச் சுமக்காது என்று நான் எடுத்துச் சொன்னேன்.

மார்க்கெட் பின்னால் ஒரு வீட்டில் பணி ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். கேட்டைத் திறக்காமலே கேட்டார்.

"புழுவோட எருவ வித்துட்டு இப்ப வந்து சொல்றியா? உன்ன நம்பி வாங்கினோம் பாரு."

"தப்பு என்னுதுதான் சார். தோண்டிப் பாத்து எடுத்துட்டுப் போறேன்."

"ஒண்ணும் வேணாம். இனிமே இந்தப் பக்கம் வண்டி வரக் கூடாது."

நான் வாயைத் திறக்கப் போனேன். செடிக்காரம்மா என் கையைத் தொட்டு நிறுத்தினார். "சரி சார். ஆனா நீங்களாச்சும் தோண்டிப் பாருங்க. வெள்ளையா இருக்கும், இம்மாந் தண்டி. வுட்டுட்டா முல்லை பூடும்." சொல்லிவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு புழுவை எடுத்து, அடையாளத்துக்காகக் கேட் கம்பியின் அடியில் ஒரு காகிதத்தில் வைத்துவிட்டு வந்தார்.

தெருவுக்கு வந்ததும் நான் பொரிந்தேன். "அவருக்கு நீங்க சொல்லலைன்னா தெரிஞ்சே இருக்காது. நல்லது சொல்ல வந்தவங்களை அப்படியா பேசறது?"

"அவரு செடி. அவருக்குக் கோவம் வரும்தானே?" என்றார். அடுத்த வீட்டை நோக்கி நடந்தார்.

சதுரங்கப்பட்டினத்தில் மழை வலுத்தது. கடலில் இறங்க முடியாமல் படகுகளைக் கரையில் ஏற்றிவைத்திருந்தார்கள். கோட்டைக்குப் பக்கத்து வீட்டில், மீன் வியாபாரம் செய்யும் ஒரு பெண் நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "செடியத்தான் விப்பேன்னு பாத்தா தூண்டில் புழுவும் விக்கிறியா? கொஞ்சம் குட்த்துட்டுப் போ, எங்க வூட்டுக்காரருக்கு ஆவும்" என்றார். எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நனைந்த சேலையோடு மூன்று பேரும் அந்த வாசலில் நின்று சிரித்தோம். வண்டிக்குள் செடிக்காரம்மாவின் கணவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அங்கே டீ கிடைத்தது.

பிற்பகல் மூன்று மணிக்குள் பன்னிரண்டு வீடுகள் முடிந்தன. கடப்பாக்கத்துக்கு அவர்கள் இருவரும் போனார்கள். நான் வீட்டில் இறங்கிக்கொண்டேன். என் உள்ளங்கையில் மண்வெட்டிப் பிடி கொப்புளம் போட்டிருந்தது. அன்று தோண்டியதில் நாலு செடிகள் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. மற்றவை பிழைக்கலாம் என்றார்.

அதன்பின் சிலர் அவரிடம் வாங்குவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு மாதம் வண்டியில் செடி அதிகம் இறங்கவில்லை. ஆனால் எதிர்வீட்டு நந்தியாவட்டை மார்கழியில் துளிர்த்தபோது, அந்தப் பெண்மணி தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். சொன்ன கதையில் புழுவைவிட, செடிக்காரம்மா தோண்டிப் பார்க்க மழையில் வந்து நின்றதுதான் பெரிதாக இருந்தது. பொங்கலுக்குப் பிறகு வண்டி மறுபடி காலியாகித் திரும்பியது. மார்க்கெட் பின்வீட்டுக்காரர் மட்டும் கடைசிவரை கேட்டைத் திறக்கவில்லை. அவர் வீட்டு முல்லை என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

என் வீட்டில் இன்று ஒன்பது செடிகள் நிற்கின்றன. இட்லிப்பூவை மறுபடியும் நட்டேன். அது இப்போது என் இடுப்பு உயரம். நடுவில் ஒரு ரோஜா செத்தது. அதைத் தோண்டிப் பார்த்தேன். என் தவறுதான். ஊருக்குப் போகும் அவசரத்தில் ஊறவைக்காமல் நட்டிருந்தேன். செத்த செடி இப்போது எனக்கு அவமானமாக இல்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, தோண்டினால் தெரியும் என்பது ஒருவகை ஆறுதல். புதிதாக வாங்கிய செடி சாவதில் பெரும்பாலும் மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு இடத்து மண்ணில், ஒரு இடத்து நிழலில், யாரோ ஊட்டி ஊட்டி வளர்த்த ஒன்றை நாம் ஒரே நாளில் வேறு உலகத்தில் இறக்கிவிட்டு, மறுநாளே பூ கேட்கிறோம்.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்து செங்கல்பட்டிலிருந்து திரும்பும்போது, செடிக்காரம்மாவின் ஊர் நிறுத்தத்தில் பேருந்திலிருந்து இறங்கினேன். வரச்சொல்லிப் பலமுறை கூப்பிட்டிருந்தார். வலைக்கு உள்ளே விற்பனைக்கு வைத்த செடிகள் வரிசையாக, பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தன. எருக்குழிகள் மூன்று. ஒவ்வொன்றின் மேலும் ஒரு குச்சியில், எந்த மாதம் போட்டது என்று சாக்குத் துணியில் எழுதிக் கட்டியிருந்தார். அது அந்த ஐப்பசிக்குப் பிறகு வந்த ஏற்பாடு.

வலைக்கு வெளியே, கிணற்றடியில், இன்னொரு வரிசை இருந்தது. பழைய பெயிண்ட் வாளிகளிலும் உடைந்த குடங்களிலும் முப்பது நாற்பது செடிகள். ஒன்றுகூடப் பார்க்கிற மாதிரி இல்லை. குச்சியும் முள்ளுமாக இருந்தன.

"இதெல்லாம் என்ன?"

"வூடுங்கள்ல தூக்கிப் போடறது, அக்கா. பாதி உயிரோட கீறத மட்டும் எட்த்தாந்து வெச்சிருவேன். விக்கறதுக்கு இல்ல."

"பிழைச்சதும்?"

"கேட்டா அவங்களுக்கே குட்ப்பேன். கேக்கலன்னா இங்கியே இருக்கும்."

ஒரு ரோஜாக் குச்சியின் முன்னால் குந்தி, நகத்தால் தோலை லேசாகச் சுரண்டினார். எனக்குக் காட்டினார். பழுப்புக்குள்ளே நூல் அகலத்துக்குப் பச்சை.

"இது வந்துருமா?" என்றேன்.

"தெரியலக்கா. வராமலும் பூடலாம்."

மாமல்லபுரத்தில் ஒரு விடுதிக்குச் செடி போக வேண்டுமென்று அவர் கணவர் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். செடிக்காரம்மா எழுந்து ஏற்றப் போனார். கிணற்றடி வரிசைக்கு இன்னும் தண்ணீர் ஊற்றியிருக்கவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கே கவிழ்த்துவைத்திருந்த ஒரு குடத்தை எடுத்துக்கொண்டேன்.